அருவி என்ன சுமந்துட்டு வருதுன்னு பாருங்க



போன வாரம் நம்ம குரூப்ல ஒரு தம்பி வீடியோ ஒண்ணு போட்டிருந்தார். காட்டுக்குள்ள ஒரு சின்ன அருவி, நடு ஓடையில ஒரு பாறை. அதுல சப்பணம் போட்டு உட்கார்ந்து கந்த சஷ்டி கவசம் பாடுறார். குரல் அருமை. நிறைய ஹார்ட் விழுந்திருந்தது, நானும் ஒண்ணு போட்டேன். ஆனா பாதியிலேயே என் கண்ணு அவர் முகத்தை விட்டுட்டு, பின்னாடி ஓடுற தண்ணிக்குப் போயிடுச்சு. தனியா மெசேஜ் பண்ணி, "தம்பி, அன்னைக்கு மேல மழை இருந்ததா?"ன்னு கேட்டேன். "தெரியலண்ணா, நாங்க இருந்த இடத்துல நல்ல வெயில்"னு பதில் வந்தது.

அந்தப் பதிலுக்காகத்தான் இந்தப் பதிவு. நாலு வருஷத்துக்கு முன்னாடி என்கிட்ட யாராவது கேட்டிருந்தா நானும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

எங்க அப்பாவுக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். குற்றாலம்னா எல்லாருக்கும் பேரருவியும் ஐந்தருவியும்தான் தெரியும். பேரருவிக்கு மேல காட்டுக்குள்ள சிற்றாற்றை ஒட்டியே ஏறினா, சுமார் இரண்டரை கிலோமீட்டர்ல செண்பகாதேவி அருவி இருக்கு. பக்கத்துலயே செண்பகாதேவி அம்மன் கோயில். அதுக்கும் மேல, இன்னும் உள்ள, தேனருவி. பாறையில தேனடை தொங்குறதால அந்தப் பேரு. அங்க நான் போனதில்லை, போகவும் விடமாட்டாங்க. செண்பகாதேவிக்கே சாதாரண நாள்ல அனுமதி கிடையாது. சித்ரா பௌர்ணமி மாதிரி கோயில் விசேஷத்துக்கு வனத்துறை விடும். அதையும் அந்தந்த வருஷம் விசாரிச்சுட்டுத்தான் கிளம்பணும். "ஒரு வழி இருக்கு, நான் கூட்டிட்டுப் போறேன்"னு யாராவது சொன்னா தயவு செஞ்சு போகாதீங்க.

அந்த வருஷம் சித்ரா பௌர்ணமிக்கு நான், பெரியப்பா, சித்தப்பா பசங்க ரெண்டு பேர். சின்னவனுக்குப் பன்னிரண்டு வயசு. பெரியப்பா முப்பது வருஷமா போறவர். நான் சென்னையிலேர்ந்து புது ஷூ, புது பேக், போனுக்கு ஒரு ஸ்டாண்ட் எல்லாம் வாங்கிட்டுப் போயிருந்தேன். அவர் கையில ஒரு துண்டும் தூக்குவாளியும். வாளியில புளிசாதம்.

காலையில செக்போஸ்ட்ல பையைத் திறந்து பார்த்தாங்க. பிளாஸ்டிக் எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டாங்க. முதல்ல படிக்கட்டு, அப்புறம் வேரும் கல்லுமா ஒத்தையடிப் பாதை. வெளிய தென்காசி கொதிச்சுட்டு இருந்தது, உள்ள பத்து நிமிஷம் நடந்ததும் கழுத்துல குளுமை ஏறுது. ஆறு சில இடத்துல கண்ணுல படும், சில இடத்துல சத்தம் மட்டும்தான். மலையணில் ஒண்ணு கிளை விட்டுக் கிளை தாவிப் போச்சு, வாலே ஒரு முழம் இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. வழியெல்லாம் குடும்பம் குடும்பமா சனங்க, கைக்குழந்தையோட கூட.

அருவி சித்திரைங்கிறதால மெலிசா விழுந்துட்டு இருந்தது. அது விழுற இடத்துல ஒரு கசம். ஆழமான தண்ணி, கறுப்பா அசையாம இருக்கும். "அதுல மட்டும் இறங்காதீங்கலே"ன்னு பெரியப்பா முதல்லயே சொல்லிட்டார். நாங்களும் இறங்கல. அம்மனைக் கும்பிட்டோம், சாப்பிட்டோம். அப்புறம் நானும் சின்னவனும் கசத்துக்கும் கீழ, ஓடையோட நடுவுல இருந்த ஒரு தட்டைப் பாறைக்குப் போனோம். கணுக்கால் அளவு தண்ணிதான். ஸ்டாண்டை நட்டு, ரெண்டு பேரும் கால் நனைச்சு உட்கார்ந்து, ரீல்ஸ் எடுக்க ஆரம்பிச்சேன். மணி ரெண்டு இருக்கும். தலைக்கு மேல வானம் நீலம்.

கரையில துண்டை விரிச்சுப் படுத்திருந்த பெரியப்பா எழுந்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்கல, தண்ணியைப் பார்த்தார்.

"ஏலே, மேல ஏறுங்கலே."

"பெரியப்பா, அஞ்சு நிமிஷம்."

"ஏறுலே!"

அந்த மனுஷன் என்கிட்ட அப்படிக் கத்தினதே இல்லை. சின்னவன் பயந்து உடனே ஓடிட்டான். நான் ஸ்டாண்டைப் பிடுங்கி மடக்கிட்டு, கொஞ்சம் கோபத்தோடதான் கரையேறினேன். "என்ன பெரியப்பா, என்ன ஆச்சு?"ன்னேன். அவர் ஓடையைக் காட்டினார். எனக்கு ஒண்ணும் தெரியல. தண்ணி அதே தெளிவு, அதே அளவு. "இலை வருது பாரு"ன்னார்.

ஆமா, இலை வந்துட்டு இருந்தது. காய்ஞ்ச இலை, கூட்டமா, நுரையோட. அஞ்சாறு நிமிஷத்துல தண்ணி டீக் கலர் ஆச்சு. கொஞ்ச நேரத்துல அருவி சத்தமே மாறிடுச்சு. அதுவரைக்கும் 'சோ'ன்னு இருந்தது, இப்ப அடிவயித்துலேர்ந்து ஒரு உறுமல். நாங்க உட்கார்ந்திருந்த தட்டைப் பாறையைத் தேடினேன். பாறை இருந்த இடத்துல தண்ணி மேடு கட்டி ஓடுது. என் புது ஷூ ஒண்ணு அங்கேயே விட்டிருந்தேன். அது எந்தப் பக்கம் போச்சுன்னுகூடத் தெரியல.

வனத்துறைக்காரங்க விசில் அடிச்சு எல்லாரையும் மேல ஏத்திட்டாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல. தண்ணி இறங்குற வரைக்கும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல காத்திருந்தோம். எங்க தலை மேல ஒரு சொட்டு மழை விழல. அதை மட்டும் மறுபடியும் சொல்லிக்கிறேன்: ஒரு சொட்டு விழல.

சின்னவன் என் பக்கத்துல ஒட்டிட்டு உட்கார்ந்திருந்தான். நான் "அஞ்சு நிமிஷம்"னு சொன்னது அவனையும் சேர்த்துத்தான்னு அப்பதான் உறைச்சுது. பெரியப்பா ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருக்கலாம்.

அந்த ரெண்டு மணி நேரம் வேற வேலை இல்லாம வெள்ளத்தையே பார்த்துட்டு இருந்தேன். ஒரு பெரிய கிளை வந்தது. அப்புறம் வேரோட பிடுங்கின காட்டு வாழை ஒண்ணு. அப்புறம் பாதி உடைஞ்ச ஒரு பலாப்பழம், மஞ்சளா, சுத்திச் சுத்தி. பலாப்பழத்தைப் பார்த்ததும் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. எங்க அம்மா செவ்வாய்க்கிழமைகள்ல திருமுருகாற்றுப்படை படிப்பாங்க. சின்ன வயசுலேர்ந்து காதுல விழுந்தது, அர்த்தம் தெரியாது. அதோட கடைசியில ஒரு அருவி வரும். வாழை, பலா, மிளகுன்னு ஏதேதோ வரும்.

ஊருக்கு வந்ததும் உரையோட எடுத்துப் படிச்சேன். இங்கதான் உங்களுக்கும் ஒரு பாடம் இருக்கு, கொஞ்சம் பொறுமையா வாங்க.

திருமுருகாற்றுப்படை பத்துப்பாட்டுல முதல் பாட்டு. நக்கீரர் பாடினது. பதினோராம் திருமுறையிலயும் சேர்த்திருக்காங்க. மொத்தம் 317 அடி. ஆற்றுப்படைன்னா வழி காட்டுறது. பரிசு வாங்கினவர், இன்னும் வாங்காதவருக்கு "இப்படிப் போ, இன்னாரைப் பாரு"ன்னு சொல்ற பாட்டு. இங்க பார்க்கப் போறது முருகனை. திருப்பரங்குன்றத்துல ஆரம்பிச்சுப் பழமுதிர்சோலையில முடியும். முடிவுல முருகன் எதிர்ல வந்து நிக்கிறார். பயப்பட வேண்டாம், நீ வர்றது எனக்குத் தெரியும்னு ஆறுதல் சொல்லி, கிடைக்காத பரிசைத் தர்றார். சரி, பாட்டு முடிஞ்சதுன்னு நாம நினைப்போம். நக்கீரர் அங்க நிறுத்தல. அந்த மலையில விழுற அருவியைப் பத்தி இருபது அடி கிட்ட தொடர்ந்து சொல்லிட்டு, அந்த மலைக்குச் சொந்தக்காரன்னு முருகன்ல கொண்டுவந்து முடிக்கிறார்.

என்ன சொல்றார்? அருவி தூரத்துலேர்ந்து பார்த்தா பல துணிக்கொடிகள் அசையுற மாதிரி இருக்கு. இது நாமளும் போட்டோவுல பிடிக்கிறதுதான். அதுக்கப்புறம் முழுக்க அது எதை எதை அடிச்சுட்டு வருதுங்கிற கணக்கு. அகிலைச் சுமந்துட்டு வருது. சந்தன மரத்தை அடியோட உருட்டுது. பூத்த மூங்கிலை வேரோட பேர்க்குது. உயரத்துல இருக்குற தேனடை சிதையுது. பலாச்சுளை வந்து கலக்குது. வாழை முறியுது, இளநீர்க் குலை உதிருது, மிளகுக் கொடியில கறுத்த கொத்து சாயுது. யானைத் தந்தம், பொன், மணி எல்லாம் வருது.

இளநீர் எப்படி வந்ததுன்னு எனக்கு ஒரு சந்தேகம். மலை உச்சியில தென்னை ஏது? வெள்ளம் மலையடிவாரத்துத் தோப்பு வரைக்கும் இறங்கிடுச்சுன்னு நான் எடுத்துக்கிட்டேன். இது என் யூகம்தான், தமிழ் படிச்சவங்க திருத்தலாம்.

நான் உண்மையிலேயே நின்னுட்ட இடம் வேற. அந்த அருவியைச் சுத்தி இருக்குற உயிர்கள் என்ன பண்ணுதுன்னு ஒவ்வொண்ணா வருது. கரிய முகம் கொண்ட குரங்கு நடுங்குது. பெண் யானைக்குக் குளிர் எடுக்குது. மயில் கூட்டம் வெருளுது. காட்டுக்கோழி ஓடுது. பன்றியும் கரடியும் பெரிய பாறை இடுக்குக்குள்ள போய்ப் பதுங்குது. காட்டு எருது முழங்குது. அத்தனைக்கும் அருவி வர்ற சேதி தெரிஞ்சிருக்கு. அத்தனையும் அந்த இடத்தை விட்டு நகருது. அதே மாதிரி ஒரு வெள்ளத்துல, போன் ஸ்டாண்டை நட்டு, வைட் ஆங்கிள் சரியா வருதான்னு பார்த்துட்டு ஒருத்தன் உட்கார்ந்திருந்தான்.

நான் இதை வர்ணனைன்னு நினைச்சுட்டு இருந்தேன். அழகுக்காகச் சொன்னதா இருக்கலாம், உரைக்காரங்க அப்படித்தான் சொல்வாங்க. ஆனா காட்டாற்று வெள்ளத்தைக் கண்ணால பார்த்த பிறகு படிச்சா, மலையில இருந்து பழகினவங்க சொன்ன நேரடிச் சாட்சி மாதிரி இருக்கு. மேல என்ன காடு இருக்கு, அங்க என்ன நடந்துட்டு இருக்குங்கிறதைக் கீழ வர்ற தண்ணியைப் பார்த்தே அவங்க படிச்சிருக்காங்க. எங்க பெரியப்பா திருமுருகாற்றுப்படை படிச்சவர் இல்லை. அவருக்கு இலை போதும்.

எங்க வேலையில 'அப்ஸ்ட்ரீம்'னு ஒரு வார்த்தை அடிக்கடி வரும். நம்ம சர்வர் நல்லாத்தான் ஓடிட்டு இருக்கும், டாஷ்போர்ட் எல்லாம் பச்சை. ஆனா நமக்கு டேட்டா அனுப்புற இன்னொரு சிஸ்டத்துல பிரச்சினை ஆரம்பிச்சிருக்கும். அது இங்க வந்து சேர கொஞ்ச நேரம் ஆகும். அந்த இடைவெளியில பச்சையைப் பார்த்துட்டு நிம்மதியா டீ குடிக்கப் போறவன்தான் அன்னைக்கு மாட்டுவான். மலையில தலைக்கு மேல இருக்குற நீல வானம் அந்தப் பச்சை டாஷ்போர்டு.

அது எப்படி நடக்குதுன்னு பிறகு தேடிப் படிச்சேன். சித்திரை, வைகாசியில காலையில நல்ல வெயில். சூடான காத்து மலைச்சரிவுல மேலேறி மதியத்துக்கு மேல உச்சியில மேகம் திரளும். அந்த இடிமழை கொஞ்ச இடத்துல, கொஞ்ச நேரத்துல, கொட்டித் தீர்க்கும். காட்டுத்தரை அதுல நிறையக் குடிக்கும். மழையே இல்லாத மாசத்துலயும் செண்பகாதேவியில தண்ணி விழுறதுக்கு மேல இருக்குற அந்தக் காடுதான் காரணம். ஆனா அதுக்கும் ஒரு அளவு இருக்கு. அளவு மீறினா, செங்குத்துச் சரிவு, அடியில பாறை. தண்ணி நிக்க இடமில்லை. பத்து ஓடையில இறங்குறது எல்லாம் ஒரே இடுக்குல வந்து சேரும். நாம நிக்கிறது அந்த இடுக்குல.

வேகத்தைப் பத்தியும் ஒண்ணு. ஓடுற தண்ணியோட வேகம் ரெண்டு மடங்கு ஆனா, அது நம்ம காலைத் தள்ளுற விசை நாலு மடங்கு ஆகும். மூணு மடங்கு ஆனா ஒன்பது. அதனால "முழங்கால் அளவுதானே, தாண்டிடலாம்"ங்கிற கணக்கு வெள்ளத்துல செல்லாது. நீச்சல் தெரியும்ங்கிறதும் உதவாது, ஏன்னா அது நீந்துற தண்ணியே இல்லை. பாறையும் மரமும் உருண்டு வர்ற தண்ணி.

இது ஏதோ ஆழ்காட்டுல மட்டும் நடக்குறதுன்னு நினைக்க வேண்டாம். 2024 மே 17-ம் தேதி பழைய குற்றால அருவியில சனங்க குளிச்சுட்டு இருக்கும்போதே திடீர் வெள்ளம் வந்தது. 17 வயசுப் பையன் ஒருத்தன் அதுல போயிட்டான். அந்தச் செய்தி வந்த அன்னைக்கு நான் ஆபீஸ்ல இருந்தேன். சின்னவனுக்குப் போன் போட்டேன். என்ன பேசுறதுன்னு தெரியாம "சாப்டியாடா"ன்னு கேட்டுட்டு வெச்சுட்டேன்.

அதுக்கப்புறம் அருவிக்குப் போறதை நான் விட்டுடல. போற விதம்தான் மாறியிருக்கு. சித்திரை, வைகாசியிலயும் ஐப்பசி, கார்த்திகையிலயும் மதியத்துக்கு முன்னாடியே தண்ணியை விட்டு வெளிய வந்துடுவேன். போனதும் முதல் வேலை, தண்ணி ஏறினா எந்தப் பக்கம் ஓடணும்னு கரையைப் பார்த்து வெச்சுக்கிறது. பாறையில பழைய வெள்ளம் விட்டுட்டுப் போன சருகும் குச்சியும் மாட்டியிருக்கும், நம்ம தலை உயரத்துலகூட இருக்கும். அதுக்குக் கீழ பையை வைக்கிறதில்லை. நடு ஓடைப் பாறையில உட்காருறதில்லை. இலைக்கூட்டம், நுரை, நிற மாற்றம், சத்தம் மாற்றம், திடீர்னு ஒரு மண் வாசனை, இதுல எது வந்தாலும் எழுந்துடணும். தண்ணி திடீர்னு குறைஞ்சாலும்தான். மேல எங்கேயோ மரம் விழுந்து அடைச்சிருக்கலாம், அந்த அடைப்பு எப்ப உடையும்னு யாருக்கும் தெரியாது. பேரருவியில தண்ணி ஆர்ச்சைத் தாண்டி விழுந்தா குளிக்க விடமாட்டாங்க. அங்க நம்மளைத் தடுக்க ஒரு போலீஸ்காரர் இருக்கார். காட்டுல நாமதான் நம்மளைத் தடுத்துக்கணும்.

வழுக்குறதைப் பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா வெள்ளத்தை விட இதுல அடிபடுறவங்களைத்தான் நான் நிறையப் பார்த்திருக்கேன். பச்சைப் பாசி தெரியும், ஒதுங்கிடுவோம். கறுப்பா மினுமினுக்குற ஈரப்பாறைதான் ஏமாத்தும். அப்புறம் சோப்பு, ஷாம்பு, எண்ணெய். தயவு செஞ்சு வேண்டாம். செண்பகாதேவியில விழுற தண்ணி சிற்றாறா இறங்கி, நம்ம இலஞ்சிக் குமாரரைத் தொட்டு, தென்காசி வழியா ஓடி, சீவலப்பேரியில தாமிரபரணியோட கலக்குது. அந்தத் தாமிரபரணி கடல்ல சேர்ற புன்னக்காயல், திருச்செந்தூருக்குக் கொஞ்சம் வடக்கே. நீங்க காட்டுல விட்டுட்டு வர்ற ஷாம்பு கவர் எந்த வழியா எங்க போகும்னு மேப்பை எடுத்து விரலால கோடு போட்டுப் பாருங்க. என் ஷூவும் அந்த வழியாத்தான் போயிருக்கும். அதை நினைச்சா இன்னும் கூச்சமா இருக்கு.

வீடியோ போட்ட தம்பி, உங்களைக் குத்தம் சொல்ல இதை எழுதல. கவசம் பாட அருவிக்கரையை விட நல்ல இடம் கிடையாது. கரையில உட்கார்ந்து பாடுங்க, அவ்வளவுதான் கேக்குறேன். வீடியோவுல தண்ணி பின்னாடி இன்னும் அழகாத்தான் தெரியும்.

இந்த வருஷமும் சித்ரா பௌர்ணமிக்குப் போனோம். பெரியப்பாவுக்கு முட்டிவலி, ஆனாலும் வந்தார், துண்டும் தூக்குவாளியுமா. சின்னவனுக்கு இப்ப பதினாறு. நான் ஓரமா குனிஞ்சு முகம் கழுவிட்டு இருந்தேன். திடீர்னு அவன் என் சட்டையைப் பிடிச்சு இழுத்தான். "அண்ணே, இலை வருது, ஏறு." பார்த்தா பச்சை இலை, நாலஞ்சு, ஒரு சின்னக் கொப்போட. மறுபேச்சு பேசாம மூணு பேரும் மேல ஏறிட்டோம். பத்து நிமிஷம் ஆச்சு, தண்ணி மாறவே இல்லை. நிமிர்ந்து பார்த்தா, ஓடை மேல சாஞ்சிருந்த மரத்துல ஒரு குரங்குக் கூட்டம் கொப்பை ஒடிச்சு ஒடிச்சுப் போட்டுட்டு இருக்கு.

பெரியப்பா சிரிச்சுட்டே தூக்குவாளியைத் திறந்தார். கீழ இறங்கல. அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

முருகா சரணம்.